மங்குக்குப் பச்சை மாத்திரை

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரைகளை நான் விரும்பிப் படிப்பேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில், நாற்பது ஆண்டுகள் கருவூலத்தில் என்று கம்பீரமாகத் தொடங்கும். நான் போடிநாயக்கனூரில் ஒரு மருந்துக்கடையில் ஒன்பது ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றிருக்கிறேன். இதை ஓய்வு என்று சொல்லலாமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கடை முதலாளி சால்வை போர்த்தினார். சுவர்க் கடிகாரமும் கொடுத்தார். இரண்டும் கிடைத்துவிட்டால் அது ஓய்வுதான் என்கிறார் என் கணவர். வீட்டில் ஒன்றேகால் வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதால் அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொல்வதில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் கௌசல்யா போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, மூஞ்சில இருக்கிற கரும்புள்ளிக்கு விட்டமின் ஈ எண்ணெ வேணும்னு தெனமும் ஆளு மாத்தி ஆளு வர்றாங்கக்கா. எல்லாரும் போன்ல ஒரு வீடியோவக் காட்டுறாங்க. என்னத்தச் சொல்லிக் குடுக்கறது? நீங்க என்ன சொல்லுவீங்க?"

குழந்தை அழுகிறாள், பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு நாளாக யோசித்துவிட்டு, போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தாளுநர் பட்டயம், இரண்டு ஆண்டு. பிறகு அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மூன்று மாதப் பயிற்சி. காலை, மதியம், இரவு என்று மாத்திரைக் கவரில் கோடு போடுவதில் நல்ல தேர்ச்சி பெற்றேன். பாடப் புத்தகத்தில் விட்டமின் ஈக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். முகத்தில் கருப்பாகப் படரும் மங்கு என்ற சொல் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. அல்லது இருந்திருக்கும், தெரியவில்லை.

முதலாளியின் பெயர் சந்தனம். நான் அண்ணே என்பேன், அவர் பாப்பா என்பார். மலைக்கு ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்கு எதிரே கடை. காலையில் திறந்ததும் சாமி படத்துக்குச் சூடம் காட்டுவார். சாமிக்குப் பக்கத்தில் என்னுடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவார். கடை யாரால் நடக்கிறது என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது.

அட்டையிலிருந்து மாத்திரையை வெட்டிக் கொடுப்பதில் அவரைப் போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. இரண்டு கேட்டால் இரண்டு, மூன்று கேட்டால் மூன்று, கத்தரி ஒரே ஓட்டமாக ஓடும். எந்தக் கோணத்தில் வெட்டினாலும் காலாவதித் தேதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடும். அவர் காலாவதியான மருந்தை விற்றவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தேதியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

மருந்து பலன் தருமா என்பதை எங்கள் பக்கம் "கேக்குமா?" என்று கேட்பார்கள். இருமலுக்கு இது கேக்குமா, மூட்டுவலிக்கு அது கேக்குமா. முதலாளியிடம் அதற்கு மூன்று பதில்கள் இருந்தன. பலன் உறுதியான மருந்து என்றால், "கேக்கும்." சந்தேகமான மருந்து என்றால், "நல்லா கேக்கும்." பலனே இருக்காது என்று அவருக்கே தெரிந்தால், "நல்லாவே கேக்கும், ஆனா விடாமப் போடணும்." இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. வாடிக்கையாளர்களில் யாருக்கும் கடைசி வரை புரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு வாத்தியார் வந்து, நெற்றியில் இருந்த பழைய தழும்பைக் காட்டி, விட்டமின் ஈ எண்ணெய் கேக்குமா என்று கேட்டார். நான் படித்தவளாக, "சிலருக்குப் பலன் இருக்கலாம் சார், பலருக்கு இல்லாமலும் போகலாம். உறுதியாச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல" என்றேன். அவர் விடைத்தாளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

"ஏம் பாப்பா, அவரு என்ன கேட்டாரு?" என்றார் முதலாளி.

"கேக்குமான்னு கேட்டாருண்ணே."

"நீ என்ன சொன்ன?"

"கேக்கலாம், கேக்காமயும் போகலாம்னு."

"அது மாத்திரையப் பத்திச் சொன்னதா, நம்ம கடையப் பத்திச் சொன்னதா?"

அன்றிலிருந்து யாராவது கேக்குமா என்றால் தலையை ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் ஓர் இடத்தில் ஆட்டப் பழகிக்கொண்டேன். அந்த ஆட்டத்தை எங்கள் ஊரில் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொள்வார்கள். பொய் சொல்லவில்லை என்று எனக்கும் ஆறுதல். எட்டு ஆண்டுகள் அந்த ஆறுதலில் ஓடின.

விட்டமின் ஈ எண்ணெய் என்று எல்லோரும் சொன்னாலும் நாங்கள் விற்றது மாத்திரைதான். பச்சை நிறத்தில், வழுவழுவென்று, உள்ளே எண்ணெய் நிறைந்த மாத்திரை. விழுங்குவதற்காகச் செய்தது. போடியில் அதை விழுங்கியவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் ஊசியால் குத்திப் பிழிந்து முகத்தில் தடவினார்கள். அதை அதிகம் வாங்கியவர்கள் ஏலக்காய்க் கிட்டங்கிகளில், அதாவது கிடங்குகளில், காய் தரம் பிரிக்கும் பெண்கள். நாள் முழுக்கச் சொளகை மடியில் வைத்துக்கொண்டு பெரிய காய், சின்ன காய், பச்சை, வெளுப்பு, வாய் பிளந்தது என்று பிரிக்கிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு இந்த மாத்திரை ஒரு ஏலக்காய். பெயரும் ஏலக்கா மாத்திரைதான். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்தான் ஏலத்தில் உசத்தி என்பதால், "எட்டு மில்லி இருக்குமா இது?" என்று அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஓரத்தில் ஒரு மாத்திரை கசிந்திருந்தால், "இது வாய் பொளந்த காயி, வேற கொண்டா" என்று திருப்பிவிடுவார்கள்.

ஒருமுறை வேறொரு கம்பெனிச் சரக்கு வந்தது. அதே மருந்து, அதே அளவு, ஆனால் மாத்திரை மஞ்சள் நிறம். ஒரு மாதமாகியும் ஓர் அட்டை கூடப் போகவில்லை. "இது வெயில்ல காஞ்ச காயில்ல. இத எவ வாங்குவா?" என்று நகர்த்தி வைத்தார்கள். பறித்த ஏலக்காயை வெயிலில் போட்டால் பச்சை போய் வெளுத்துவிடும், விலையும் போய்விடும். அதனால்தான் மலையில் அதை மூடிய அறையில் சூடு காட்டி உலர்த்துகிறார்கள். இது போடியில் பால்குடி மறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். இரண்டும் ஒரே மருந்து என்று நான் விளக்கிப் பார்த்தேன். என் விளக்கத்தைக் கேட்டுவிட்டு முதலாளி மேசைக்கு மேல் ஒரு பச்சை பல்பை மாட்டினார். மாத்திரை, மேசை, அவர் முகம் எல்லாம் பச்சையாக இருந்தன. ஒரே வாரத்தில் சரக்கு தீர்ந்தது. பல்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலில் என் பங்கு என்று சொல்ல ஒன்று உண்டு. தடவும் முறையை நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எது உறுதியில்லையோ அதையாவது சுத்தமாகச் செய்யட்டும் என்ற எண்ணம். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊசியைத் தீயில் காட்டி ஆறவிட வேண்டும். மாத்திரையின் ஒரு முனையில் மட்டும் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் எண்ணெய் சீறிக் கண்ணில் அடிக்கும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு. அதில் முதல் சொட்டு முகத்துக்கு இல்லை, முழங்கை மடிப்பின் உள்பக்கத்துக்கு. ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லை என்றால் மறுநாள் முகத்துக்கு. ராத்திரி தடவ வேண்டும், காலையில் கழுவ வேண்டும். வெயிலில் போகும்போது முகத்தில் எண்ணெய் இருக்கக் கூடாது. எலுமிச்சை, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் எதையும் கூடச் சேர்க்கக் கூடாது. ஏனென்றால் போனில் வரும் வீடியோக்களில் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். தாளிப்பது ஒன்றுதான் பாக்கி.

இவ்வளவையும் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்றாவது வாக்கியத்திலேயே முதலாளி தொண்டையைக் கனைப்பார்.

இனி மாரீஸ்வரி. இவருக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். சிலமலையிலிருந்து பஸ்ஸில் வந்து ஒரு கிட்டங்கியில் காய் பிரிக்கிறவர். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் கருப்பாகப் படர்ந்திருந்தது. இதைத்தான் எங்கள் பக்கம் மங்கு என்பார்கள். ஏழரைச் சனியின் முதல் சுற்றுக்கும் மங்கு சனி என்று பெயர் இருப்பதுதான் அவருக்கு வந்த வினை. மாமியார் அவரை ஜோசியரிடம் கூட்டிப் போயிருக்கிறார். என்ன பிரச்சினை என்று ஜோசியர் கேட்க, மருமகளுக்கு மங்கு என்று மாமியார் சொல்ல, அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டத்தைப் பார்த்து, "ஆமா, மங்குதான் நடக்குது" என்றிருக்கிறார். ஒன்பது சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட வேண்டும். ஒன்பது வாரமும் உச்சி வெயிலில் வரிசையில் நின்று விளக்குப் போட்டார். ஒன்பதாவது வாரம் மங்கு நெற்றிக்கும் ஏறியிருந்தது. அதன் பிறகுதான் கடைக்கு வந்தார். கூடவே வேலை பார்க்கும் தனலட்சுமியும் வந்தார்.

"ஏலக்கா மாத்திர ஒரு அட்டை கொண்டா தாயி, வெரசா. சாப்பாட்டு மணி முடியப் போகுது."

"யாருக்குக்கா?" என்றேன்.

"அவ மூஞ்சியப் பாத்துட்டுமா யாருக்குன்னு கேக்குற?" என்றார் தனலட்சுமி. "எம்புட்டுப் படிச்சு என்ன, கண்ணு வேணும்ல."

"நீ சும்மா கெட" என்று அவரைத் தள்ளிவிட்டு மாரீஸ்வரி மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "எம்பிள்ள ஆறாப்பு படிக்கிறா. இங்கிலீசுப் பள்ளிக்கூடம். மூணு வாரத்துல ஆண்டு விழா. ஆட்டத்துல சேந்திருக்கா. போன மாசம் கூப்பிடப் போனப்ப கூடப் படிக்கிற ஒண்ணு, ‘உங்கம்மா மூஞ்சில மை கொட்டிருச்சா’ன்னு கேட்டுருச்சாம். இப்ப, ‘ஆண்டு விழாவுக்கு நீ வர வேணாம்மா, அத்தைய அனுப்பு’ங்கா. மூணு வாரத்துல போயிருமா?"

தனலட்சுமியும் கேலியை நிறுத்திவிட்டார்.

நான் தலையாட்டினேன். அந்த நடு ஆட்டம்தான். பக்கத்திலிருந்து முதலாளி, "நல்லாவே கேக்கும், ஆனா விடாமப் போடணும்" என்றார். அப்போது மலையிலிருந்து ஜீப்பு ஒன்று வந்து நின்று பத்துப் பேர் கடைக்குள் ஏறினார்கள். நான் முறையைச் சொன்னேன். கை கழுவச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், முனையில் குத்தச் சொன்னேன், ராத்திரி தடவச் சொன்னேன். முழங்கை மடிப்பைச் சொன்னேனா? சொன்னதாகத்தான் சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, சொல்லவில்லை. வெயிலைப் பற்றியும் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஒருவர் பேதி மாத்திரை கேட்டு அவசரப்படுத்தினார். அவருடைய அவசரம் நியாயமானது. மாரீஸ்வரி அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

பத்தாம் நாள் மதியம் திரும்பி வந்தார். முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். பிறகு விலக்கினார். கன்னம் இரண்டும் சிவந்து, பொடிப் பொடியாகக் கிளம்பி, தோல் உரிந்துகொண்டிருந்தது. நடுவில் மங்கு முன்பைவிடக் கருப்பாக இருந்தது.

"சுள்ளுன்னு எரியுது தாயி. எரிஞ்சா கேக்குதுன்னு அர்த்தமா?"

"எப்பக்கா தடவுனீங்க? ராத்திரிதானே?"

"ராத்திரி தடவுனா தலகாணியெல்லாம் எண்ணெ. எங்க மாமியா பேசியே கொன்னுரும். அதான் மத்தியானம் சோலி விட்டதும் தடவிட்டு, கிட்டங்கி மொட்ட மாடில போயி அர மணி நேரம் வெயில்ல மூஞ்சியக் காமிச்சு உக்காந்திருந்தேன்."

"வெயில்லயா? ஏன்க்கா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காய வெயில்ல போட்டா வெளுத்துரும்ல? மூஞ்சியும் வெளுக்கணும்ல? எண்ணெ ஊற ஊற வெயிலு பட்டா வெரசா வெளுக்கும்னு நானா நெனச்சேன்."

இருபது வருடம் ஏலக்காயோடு பழகியவர் கண்ணால் கண்டதை வைத்துச் செய்த காரியம். தலையணையும் மாமியாரும் கணக்கில் சேர்ந்து, ராத்திரி என்ற ஒரே தடையையும் எடுத்துவிட்டன. ராத்திரி என்று சொன்னவள் ஏன் ராத்திரி என்று சொல்லியிருக்க வேண்டும். அது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பேதி மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற நேரம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். ஒரு நொடி அவரும் மிரண்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கை தானாக மேல் தட்டுக்குப் போயிற்று. அங்கே ஒரு குழாய்க் களிம்பு இருந்தது. முகம் வெளுக்க என்று ஊரே வாங்குகிற களிம்பு, ஸ்டீராய்டு கலந்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது. போட்ட இரண்டாம் நாளே சிவப்பு அடங்கும், முகம் மினுங்கும். விடாமல் போட்டால் தோல் மெலியும். நிறுத்தினால் இப்போது எரிவதைவிட மோசமாக எரியும்.

"இதப் போடும்மா. ஆண்டு விழாவுக்குள்ள கண்ணாடி மாதிரி ஆயிரும். நல்லா..."

"கேக்காதுண்ணே" என்றேன்.

எட்டு ஆண்டில் அவர் பேச்சை நான் முறித்தது அதுதான் முதல் தடவை. கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாப்பா?"

"கேக்காதுண்ணே. இத நான் குடுக்க மாட்டேன். அங்க மாட்டியிருக்கிறது என் சர்டிபிகேட்டு. அக்கா, நாளைக்குக் காலைல தேனி பெரியாஸ்பத்திரில தோல் டாக்டர் இருப்பாங்க. நான் கூட வர்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போய்விடுமோ, மரியாதை இல்லாமல் பேசிவிட்டோமோ, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று அன்று முழுக்க யோசித்தேன். முதலாளி சாயங்காலம் வரை மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தார். கடை அடைக்கும்போது, "நாளைக்கு அர நாளு லீவுன்னு எழுதிக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

தேனியில் நீண்ட வரிசை. டாக்டர் ஐம்பது வயதுக்காரம்மா. நோயாளியின் முகத்தை இரண்டு விரலால் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தடவுன?"

"ஏலக்கா... ஈ மாத்திர எண்ணெம்மா."

"யாரு குடுத்தா?"

மாரீஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. "கடையில" என்றார்.

"கடையில! இந்த மருந்துக்கடைக்காரங்களக் கூப்பிட்டு வெயில்ல உக்கார வைக்கணும். படிச்சவங்க யாராவது இருக்காங்களா அங்க, இல்ல சர்டிபிகேட்டு மட்டும் தொங்குதா? கூட வந்தது யாரு?"

"தங்கச்சிங்க" என்றார் மாரீஸ்வரி.

அதோடு விட்டிருக்கலாம். நல்ல வாய்ப்பு. ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஒரு வழக்கம், யார் தப்பு என்று வாத்தியார் கேட்டால் தப்பே செய்யாத நாளிலும் எழுந்து நின்றுவிடுவேன். அன்று செய்தும் இருந்தேன்.

"நான்தான் மேடம் குடுத்தேன். அந்தக் கடையில பார்மசிஸ்டு. முழங்கையில வச்சுப் பாக்கச் சொல்லல. வெயில்ல போகக் கூடாதுன்னும் சொல்லல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற நோயாளிகளும் பார்த்தார்கள். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சிலருக்கு அந்த எண்ணெயே ஒத்துக்காது. அதுக்கு மேல வெயிலு" என்றார். "மங்குக்கு அதப் போட்டுப் போனதா நான் பாத்ததில்ல. போகுதுன்னு சொல்றவங்களப் பாத்திருக்கேன். இனிமே குடுக்கறதா இருந்தா, குடுக்காம இரு. முடியலைன்னா முழுசாச் சொல்லிக் குடு." சீட்டில் எரிச்சலுக்கு ஒரு லோஷன் எழுதினார், ஆறிய பிறகு போட வெயில் கிரீம் எழுதினார். எண்ணெய் கூடாது, எலுமிச்சை கூடாது, வெளியே போனால் குடை.

"அம்மா, இன்னும் பதினோரு நாளுல போயிருமா?" என்றார் மாரீஸ்வரி.

"போகாது."

"கொஞ்சமாச்சும்?"

"சிவப்பு போகும். மங்கு போகாது. அதுக்கு மாசக்கணக்கா ஆகும். அதுவும் குறையும்தான், முழுசாப் போகும்னு சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் வெயில் என்று என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு உள்பக்கம் உட்கார்ந்தார். போடி எல்லை வந்ததும், "ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க பாரு அந்தம்மா" என்றார். "ஜோசியரு, எங்க மாமியா, உங்க முதலாளி, நீ... அம்புட்டுப் பேரும் போயிரும் போயிரும்னீங்க."

"நான் வாயால சொல்லலக்கா" என்றேன். சொன்ன உடனே அதைவிடக் கேவலமான பதில் கிடையாது என்று தெரிந்தது.

"தலைய ஆட்டுனேல்ல."

ஆமாம், ஆட்டினேன்.

"அப்ப அவ அத்தையவே அனுப்பிர்றேன்" என்றார் மாரீஸ்வரி. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். மறைக்கிறதுக்குப் பவுடர் இருக்கிறது என்று சொல்லலாமா? உரிகிற தோலில் பவுடரா? நீங்கள் எப்படி இருந்தாலும் அழகுதான் என்று சொல்லலாமா? அதை அந்தப் பிள்ளையிடம் யார் சொல்வது? அதற்குள் பஸ் நின்றது.

அடுத்த பத்து நாளில் சிவப்பு அடங்கியது. இரண்டு முறை கடைக்கு வந்து காட்டிவிட்டுப் போனார். மங்கு அப்படியே இருந்தது. ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மதியம் அவர் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் தனலட்சுமி.

"அத்தை போனாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அவளும் போனா. நானும் போனேன். பிள்ளைட்டச் சொல்லல. கடேசி வரிசைல ஒளிஞ்சாப்பல உக்காந்துக்கிட்டேன்."

"பிள்ள ஆடுனத நீ எங்கிட்டுப் பாத்த? அதச் சொல்லு" என்றார் தனலட்சுமி.

"அத ஏன் கேக்குற! எட்டுப் பிள்ளைக ஆட வருது தாயி. எட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சாப்பல ஒரே வெள்ள. ஒரே கொண்ட, ஒரே ஒதட்டுச் சாயம். எம்பிள்ள எதுன்னே தெரியல! பெத்தவ நானு, கழுத்த நீட்டி நீட்டிப் பாக்கேன், ஒண்ணும் வெளங்கல. பக்கத்துல ஒரு அம்மா, பெரிய எடம் போல, அவுகளும் ‘எம்பொண்ணு எதுங்க?’ன்னு என்னையக் கேக்குறாக. சரின்னு நான் ஒண்ணப் பாத்துக் கையத் தட்டுனேன், அவுக ஒண்ணப் பாத்துத் தட்டுனாக."

"ரெண்டும் வேற யாரு பிள்ளையோ" என்றார் தனலட்சுமி.

"இரு, சொல்ல விடு. திடீர்னு ஓரத்துல ஆடுன ஒண்ணு ஆட்டத்த விட்டுட்டு இங்கிட்டுப் பாத்துக் கையக் கைய ஆட்டுது. டீச்சரு மொறைக்கிறாக, அது ஆட்டிக்கிட்டே நிக்கிது. அதுக்குப் பெறகுதான் எம்பிள்ளன்னு தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து, அம்புட்டுக் கூட்டத்துல என்னைய எப்படிடி கண்டுபிடிச்சன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"‘எல்லா அம்மாவும் பவுடர் போட்டு ஒரே மாதிரி இருந்தாங்க. ஓம் மூஞ்சிதான்மா பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு’ங்கா."

தனலட்சுமி சிரித்த சிரிப்பில் முதலாளி கத்தரியைக் கீழே போட்டுவிட்டார். மாரீஸ்வரியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல், குனிந்து வெயில் கிரீமை எடுத்து மேசையில் வைத்தேன். தினமும் காலையில், கிளம்புவதற்கு முன்னால், காதுக்கும் கழுத்துக்கும் சேர்த்து. எதற்காக என்பதையும் சொன்னேன். முழுதாக, இரண்டு நிமிடம். யாரும் தொண்டையைக் கனைக்கவில்லை.

"இதப் போட்டா அடுத்த ஆண்டு விழாவுக்குள்ள போயிருமா?" என்றார்.

"தெரியலக்கா. கொறையலாம். சொல்ல முடியாது."

அவர் கிரீமைப் பையில் போட்டுக்கொண்டு குடையை விரித்தார்.

"போனா சரி. போகலைன்னாலும் அடுத்த வருசம் மொத வரிசைலதான் உக்காருவேன்."